கழுவுநீரில் தேடியவர்கள்

இராமேஸ்வரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் பாம்பன் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்பாக மண்டபம் கேம்ப் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கிறார்கள். ஊர்ப்பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற நம் நாட்டு ஏழை மக்களை, தனுஷ்கோடித் துறையிலே கப்பலேற்றுவதற்கு முன்பு, சில நாட்கள் இங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை வேகவைத்து, காலராவோ வைசூரியோ இல்லையென்று நிச்சயமான பின்னரே வெளியே விடுவதற்காக இலங்கை அரசாங்கத்தார் நடத்திய முகாம் இருந்த இடம் அது. வருகிறவன் நம்மவனா, நோயைச் சுமந்து வரும் அயலானா என்று வாசலில் நிறுத்திச் சோதிக்கும் தொழிலை அவ்வூர் அக்காலத்தில் செய்தது. 1947-ல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இரண்டாண்டுகளில் இவ்வூருக்கு வந்து, கொச்சிக்குத் தலைமையிடம் மாறும் வரையில் இங்கிருந்தே இந்தியக் கடல்களையெல்லாம் ஆராய்ந்தது. இன்றும் அதன் கிளையொன்று இங்கே இருக்கிறது.

இந்தக் கடற்கரையின் பழைய தொழிலொன்றைப் பற்றி எழுதத் தொடங்கி, ஈரலிலே புற்றுநோய் கண்டு வேறொருவர் ஈரலைப் பெற்றுப் பிழைத்தவர்களின் சிகிச்சையைப் பற்றிப் பேசி முடிக்கப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்பது நியாயமே. முத்து எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சம்பந்தம் தானே விளங்கும்.

மன்னார் வளைகுடாவின் முத்து, கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து உலகம் அறிந்த பொருள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறினாலும், சிப்பி விளையும் கடலடிப் பார்களும், பாரில் சிப்பி முற்றிவிட்டது என்று தெரிந்ததும் கூட்டப்படும் முத்துக்குளிப்பாகிய சலாபமும் மாறவில்லை. கீழக்கரையிலிருந்தும், இராமநாதபுரம் கரையின் மற்ற ஊர்களிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினார்கள். சம்மாட்டிகள் தோணி கொடுத்தார்கள். 1905-ம் ஆண்டில் எதிர்க்கரையான மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று கணக்கு இருக்கிறது.

எடுத்த சிப்பியை உடனே அறுத்து முத்தைப் பொறுக்கினார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படியன்று. ஆயிரக்கணக்கான சிப்பிகளை ஓர் அடைப்புக்குள் குவித்து, வெயிலிலும் ஈக்களிலும் பல நாள் அழுகவிட்டு, பிறகு வள்ளத்திலே கொட்டிக் கடல்நீர் ஊற்றிப் பிசைந்து பிசைந்து கழுவுவார்கள். ஓடுகளை அலசி அலசி எடுத்தெறிந்த பின் வள்ளத்தின் அடியிலே தங்குகிற மணலும் சேறும் கலந்த வண்டலே முத்து வாணிபத்தின் முதல். அதைத் துணியில் விரித்துக் காயவைத்து, முதலில் பெரிய முத்துக்களையும், பிறகு சிறியவற்றையும் பொறுக்குவார்கள். எல்லாரும் பார்த்து முடித்து இனி ஒன்றுமில்லை என்று கைவிட்ட பொடியையும் பெண்களும் குழந்தைகளும் மீண்டும் மீண்டும் சலித்து, கடுகினும் சிறிய தூள் முத்துக்களை எடுப்பார்கள். ஆணியென்றும் வடிவென்றும் தூளென்றும் தரம் பிரித்த அத்தொழிலில், கழுவிக் கொட்டும் நீர் என்பதாக ஒன்று இல்லவே இல்லை. சென்னைக் கண்காட்சிச்சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1890-ல் வெளியிட்ட முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றிய நூலில் இக்கடற்கரையாரின் வழக்கங்களைச் சிரத்தையோடு பதிவு செய்திருக்கிறார்.

முத்து எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு, சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். 1902-ல் லிவர்ப்பூலிலிருந்து வந்த ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னர் சென்னை மாகாணத்தில் மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெலும், சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளங்குஞ்சைச் சுற்றியே நல்முத்து வளர்கிறது என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவு முழு உண்மையாக நிலைக்கவில்லை. ஆயினும் சரியான திசையைக் காட்டியது. புழுவோ மணலோ அன்று, அது உள்ளே நுழையும்போது கூடவே இழுத்துச் சென்றுவிடுகிற சிப்பியின் மேலுறைத் தோலின் சில உயிரணுக்களே முத்தைச் செய்கின்றன. ஓட்டின் உட்புறத்துக்கு மினுமினுப்பைப் பூசும் அவ்வணுக்கள், இடம் தவறிச் சதைக்குள் அகப்பட்டுக்கொண்டாலும் தம் தொழிலை விடாமல், ஒரு சிறு பையாகக் கூடி, நடுவில் இருக்கும் பொருளின்மேல் அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே இருக்கின்றன.

இதை உணர்ந்து மனிதக் கையால் செய்துகாட்டியவர்கள் ஜப்பானியர். மிகிமோட்டோ 1893-ல் ஓட்டோடு ஒட்டிய அரை முத்தை விளைவித்தார். நிஷிகாவா, மிஸே என்னும் இருவர் 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருண்டை முத்துக்கு வழி கண்டனர். நம் பக்கத்தில், பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவில் சென்னை மீன்துறையார் முத்துச் சிப்பிப் பண்ணை ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். எனினும் 1973 ஜூலையில்தான், மீன்வள நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியும் அவருடைய குழுவினரும், தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில், இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை எடுத்தார்கள். தூத்துக்குடிப் பார்களில் 1961-க்குப் பின் சலாபமே கூடவில்லை என்பதை நினைத்தால் அந்த ஒரு முத்தின் மதிப்பு விளங்கும்.

முத்து விளைவிப்பதற்காகச் சிப்பிக்குச் செய்யும் சஸ்திர வைத்தியத்தைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். சிப்பிகளைக் கடல்நீர்த் தட்டில் பரப்பி, மேலே மெந்தால் பொடியைத் தூவி வைக்கிறார்கள். சிறிது நேரத்தில் மயங்கி, இறுக மூடியிருந்த ஓடு தானே விரல் நுழையும் அளவு விலகுகிறது. இடையே ஒரு சிறு ஆப்பைச் செருகுகிறார்கள். இதற்கு முன்பே வேறொரு சிப்பியை அறுத்து, அதன் மேலுறையின் ஓரத்தை நாடாப்போலக் கத்தரித்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர்ச் சதுரங்களாக நறுக்கி ஈரத்தோடு வைத்திருப்பார்கள். மயங்கிக் கிடக்கும் சிப்பியின் காலடியில் கீறி, ஊசியால் வழி செய்து, இனப்பெருக்க உறுப்பின் சதைக்குள் அந்தச் சதுரத் துண்டையும், நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு மணியையும் வைக்கிறார்கள். துண்டின் எந்த முகம் மணியைத் தொட வேண்டும் என்பதிலே தவறினால் முத்து விளையாது. ஆப்பை எடுத்ததும் சிப்பி மெல்ல மூடிக்கொள்கிறது. துண்டைக் கொடுத்த சிப்பி இறந்துவிடுகிறது. அதன் அணுக்களோ அயல் உடம்பில் குடியேறி, பெருகி, மணியைச் சுற்றிக்கொண்டு, விளையப்போகும் முத்தின் நிறத்தில் பெரும்பகுதியைத் தாமே தீர்மானிக்கின்றன. தானம் கொடுத்தவர், பெற்றவர், ஒட்டிய உறுப்பு எல்லாம் இங்கே இருக்கின்றன. உறுப்பு மாற்று என்று பெரிய மருத்துவமனைகளில் நடப்பதன் ஒரு சிறிய உருவமே இது.

ஒரு வித்தியாசம் உண்டு. இக்கட்டுரையின் ஜீவனே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மயக்கம் தெளிந்த சிப்பியின் இரத்த அணுக்கள் காயத்தைச் சூழ்ந்து ஆறவைக்கின்றன. சில வேளைகளில் மணியை வெளியே தள்ளியும் விடுகின்றன. ஆனால் இன்னொரு சிப்பியின் சதையை, அது தன்னுடையது அன்று என்பதற்காகத் தேடிப்பிடித்து அழிக்கும் காவல் அதனிடம் நம்மளவுக்கு இல்லை. அந்தத் தாராளத்துக்கு விலையும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மணலில் புதைந்து வாழும் ஒருவகைச் சிப்பிகளுக்கு இரத்தப் புற்று பரவி வந்தது. எங்கோ ஒரு சிப்பியில் தோன்றிய புற்றணுக்களே கடல்நீர் வழியாக மற்றச் சிப்பிகளின் உடம்பில் புகுந்து வாழ்கின்றன என்று 2015-ல் கண்டறியப்பட்டது. மன்னார்க் கடலின் முத்துச் சிப்பியைப் பற்றிய செய்தி அன்று இது. ஆனாலும் அயலானின் நல்ல அணுவைத் தடுக்காத உடம்பு, அயலானின் கெட்ட அணுவையும் தடுக்க இயலாமல் நிற்பதைப் படித்தபோது என் மனம் அந்தச் சிப்பித் தட்டுகளிடமே திரும்பிச் சென்றது.

மனித தேகம் நேர்மாறானது. 1882-ல் மெஸ்ஸினாக் கடற்கரையில் மெட்ச்னிகாஃப் என்னும் ருஷ்ய அறிஞர், பளிங்குபோல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள் ஒன்றைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் நகரும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டபோதுதான், உடம்புக்குள் காவலர் உண்டு என்ற சாஸ்திரம் பிறந்தது. 1943-ல் கிப்சனும் மெடவாரும், தீயில் வெந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். முதல் முறை ஒட்டியது சில காலம் இருந்து உதிர்ந்தது. இரண்டாம் முறை ஒட்டியதோ அதனினும் விரைவில் உதிர்ந்தது. காவலருக்கு ஞாபகமும் உண்டு என்பது அதனால் தெரிந்தது. இந்த ஞாபகத்தை மந்தப்படுத்தினாலன்றி ஒருவர் உறுப்பு இன்னொருவர் உடம்பில் தங்காது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த காளானிலிருந்து சைக்ளோஸ்போரினும், ஜப்பானில் ட்ஸுகுபா மண்ணின் நுண்ணுயிரிலிருந்து 1984-ல் டாக்ரோலிமஸும் வந்த பின்னரே உறுப்பு மாற்று ஒரு சாதாரண வைத்தியமாக நிலைபெற்றது.

தமிழ்நாட்டில் இதன் சரித்திரம் பெருமைக்குரியது. இந்தியாவில் நிலைத்து நின்ற முதல் சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அதே இடத்தில் 1986-ல் எலும்பு மச்சை மாற்றும் தொடங்கியது. 1994-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிச் சிறுநீரக வியாபாரத்தைத் தடுத்தது. அந்த வியாபாரத்தில் சென்னைப் புறநகரின் ஏழைகள் பட்ட அவமானத்தை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. 1998-ல் டெல்லியில் வெற்றி பெற்ற முதல் ஈரல் மாற்று, காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்ததே. 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியர், விபத்தில் மூளைச் சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தபோது, கர்ணன் கதையைப் பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டு வளர்ந்த இந்நாட்டு மக்களின் மனம் அசைந்தது. அரசாங்கமும் அவ்வாண்டிலேயே ஒழுங்கான ஏற்பாடு செய்தது. இராமேஸ்வரத்து நோயாளி மதுரைக்கோ சென்னைக்கோ இரவு வண்டி ஏறிப் போய் இன்னொருவர் ஈரலோடு திரும்பி வருவது இன்று நடக்கக்கூடிய காரியம்.

ஆனால் காவலரை உறங்கவைத்த வீட்டில் வேறு யார் நுழைவார்கள் என்ற கவலை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அமெரிக்காவில் இஸ்ரேல் பென் என்ற மருத்துவர், மாற்றுறுப்புப் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் அதிகமாக வருவதை 1960-களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 1968-ல் வெளிவந்த ஒரு விவரம் இன்னும் ஆச்சரியமானது. தானம் கொடுத்தவரிடம் மறைந்திருந்த புற்று சிறுநீரகத்தோடு கூடவே பெற்றவருக்குச் சென்று பரவிற்று; மருத்துவர்கள் மந்தப்படுத்தும் மருந்தை நிறுத்தினார்கள்; விழித்தெழுந்த காவலர் அயல் சிறுநீரகத்தையும் அழித்தனர், அதனோடு வந்த புற்றையும் அழித்தனர். சிப்பியில் நாம் கண்ட உண்மையின் மறுபுறமே இது. உறுப்பை விரட்டுவதும் புற்றை விரட்டுவதும் ஒரே சேனைதான். ஒன்றைத் தடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் செய்யச் சொல்வது எப்படி என்பதே அதன்பின் ஐம்பது ஆண்டுகளின் கேள்வி.

ஈரல் புற்று நோயாளியின் விஷயத்தில் இக்கேள்வி மிகக் கடுமையாகிறது. மற்ற நோயாளிகளுக்குப் புதிதாகப் புற்று வரலாம் என்ற பயம். இவருக்கோ ஏற்கெனவே இருந்த புற்றைத் தீர்ப்பதற்காகவே பழைய ஈரலை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். எடுக்கும் முன்னரே சில அணுக்கள் இரத்தத்தில் தப்பிப் போயிருந்தால், மந்தப்படுத்திய உடம்பில் அவற்றைக் கேட்பாரில்லை. இக்காரணத்தால்தான், ஒரே கட்டியானால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், பல கட்டிகளானால் மூன்றுக்கு மேற்படாமல் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள்ளும் இருந்தால் மட்டுமே மாற்று செய்யலாம் என்று 1996-ல் மிலான் நகரத்து மாஸ்ஸாஃபெர்ரோ வரம்பு வகுத்தார். அவ்வாறு தேர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் நான்கு ஆண்டுகள் கழிந்தும் உயிரோடிருந்தனர். வரம்புக்கு உட்பட்டவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பத்தான் செய்தது.

இதற்கு ஒரு மருந்து ஹிரோஷிமாவில் தோன்றியது. அணுகுண்டால் உலகமறிந்த அந்நகரம், ஜப்பானியருக்குச் சிப்பி வளர்ப்பினாலும் புகழ் பெற்றது. விரிகுடா முழுதும் சிப்பித் தெப்பங்கள் மிதக்கும். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் ஈரல் மாற்று மருத்துவர் ஹிடேகி ஓடானும் அவருடைய தோழர்களும், யாரும் திரும்பிப் பாராத ஒரு பொருளைக் கவனித்தார்கள். தானம் கொடுத்தவரிடமிருந்து ஈரலை எடுத்ததும், அதைக் குளிர்ந்த பாத்திரத்தில் வைத்து, நாளத்தின் வழியாகக் குளிர்ந்த மருந்து நீரைச் செலுத்தி உள்ளிருக்கும் இரத்தத்தைக் கழுவி வெளியேற்றுவது வழக்கம். முதலில் செந்நிறமாகவும், பிறகு வெளிறியும், கடைசியில் தெளிந்தும் வழிகிற அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். அந்நீரிலே கோடிக்கணக்கான காவல் அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள்ளும், முன்னறிமுகம் இல்லாமலே கெட்ட அணுவை இனங்கண்டு கொல்லும் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்னும் வகை, இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் ஈரலில் அதிக விகிதத்தில் தங்கியிருப்பது. ஈரல் புற்றின்மேல் வேகமும் அதிகம் உடையது. 1970-களின் நடுவிலேதான் இவ்வணுக்கள் அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்றன.

அந்நீரைச் சேகரித்து, அணுக்களைப் பிரித்தெடுத்து, இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளோடு சில நாட்கள் வளர்த்தால் அவற்றின் வீரியம் பெருகுகிறது. ஆனால் கூட்டத்தில் டி-அணுக்கள் என்னும் மற்றொரு வகையும் கலந்திருக்கும். பெற்றவரின் உடம்பையே பகையென்று எண்ணித் தாக்கக்கூடியவை அவை. ஆகவே உடலில் செலுத்துவதற்கு முந்தின நாள் அவற்றை அடக்கும் எதிர்ப்பொருளையும் சேர்க்கிறார்கள். மாற்று நடந்த மூன்றாம் நாள், வளர்த்த அணுக்களை இரத்தநாளத்திலே ஏற்றுகிறார்கள். மாற்றுறுப்பைக் காக்கும் மருந்துகள் பெரும்பாலும் டி-அணுக்களையே மந்தப்படுத்துவதால், இந்தக் கொல்லி அணுக்கள் அம்மருந்துகளுக்கு நடுவிலும் தம் வேலையைச் செய்ய இயல்கின்றன. ஈரலைக் கொடுத்தவரின் காவலர், அவ்வீரலோடு கூடவே வந்து, புதிய வீட்டில் ஒளிந்திருக்கும் பழைய பகைவனைத் தேடுகிறார்கள் என்று சொல்லலாம். அவ்வணுக்களுக்கு ஹெபடைட்டிஸ்-சி கிருமியையும் எதிர்க்கும் சக்தி உண்டு என்று 2009-ல் ஓடான் குழுவினர் எழுதினார்கள். அமெரிக்காவில் மியாமி நகரத்தாரும் இறந்தவர்களின் ஈரலிலிருந்து அணுக்களை எடுத்து இம்முறையைப் பரீட்சித்தனர்.

கொடுத்தவரின் அணுவே பெற்றவரின் புற்றைத் தடுக்கும் என்பது வேலூருக்குப் புதிய செய்தி அன்று. எலும்பு மச்சை மாற்றுக்குப் பின் இரத்தப் புற்று திரும்பினால், மச்சை கொடுத்தவரின் வெள்ளணுக்களை மீண்டும் ஏற்றிக் குணப்படுத்தலாம் என்று 1990-ல் ம்யூனிக் நகரத்துக் கோல்ப் காட்டினார். அதற்குப் பின் உலகெங்கும் அது வழக்கமாயிற்று. 2023-ல் நம் நாட்டிலேயே பம்பாய் ஐ.ஐ.டி.யாரின் முயற்சியால், நோயாளியின் சொந்த டி-அணுக்களை மாற்றியமைத்து இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் சிகிச்சை அரசாங்க அங்கீகாரம் பெற்றிருக்கிறது. அணுக்களை உடம்புக்கு வெளியே வளர்த்து மருந்தாக்கும் கைப்பழக்கம் இந்நாட்டில் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. ஹிரோஷிமா முறையோ இன்னும் சிறு எண்ணிக்கையுள்ள நோயாளிகளின் அனுபவம் என்ற நிலையில்தான் இருக்கிறது. பெரும் பரீட்சைகளால் உறுதிப்படாத ஒன்றை நிச்சயமான மருந்து என்று யாரேனும் விலைபேசினால் நோயாளியின் குடும்பத்தார் ஏமாறலாகாது. அப்படியிருந்தும், பல கோடி ரூபாய் மருந்துகளைப் பற்றிய பேச்சுக்களைக் காட்டிலும் இந்தச் சிறு முயற்சியே என் மனத்தை இழுக்கிறது. புதிய பொருள் ஒன்றும் இதற்கு மூலமாக வேண்டியதில்லை. தானம் கொடுத்தவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நாம் பாதியைப் பெற்றுக்கொண்டு பாதியைக் கொட்டிவிட்டோம்.

சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை முதலிய இடங்களில் ஏழைகளுக்கும் ஈரல் மாற்று நடைபெற்றிருக்கிறது. அத்தகைய அறையொன்றில், தானம் கொடுத்த குடும்பத்தார் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, உள்ளே பனிக்கட்டிப் பாத்திரத்தில் ஈரலின் நாளத்திலிருந்து செந்நீர் வழிந்துகொண்டிருக்கும்போது, அதைக் கொட்டாமல் ஒரு பையில் பிடித்து, பெயரும் நேரமும் எழுதி, பரிசோதனைச் சாலைக்கு ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடும் நாள் விரைவில் வர வேண்டும். வள்ளத்தின் அடியில் தங்கிய வண்டலைத் துணியில் விரித்து, கடைசித் தூள் முத்து வரையில் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பேத்திகள் இன்றைக்கு இராமநாதபுரத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உயிரியல் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.